வெறும் குண்டு

காறை எலும்பு முறிந்து வாய் மட்டும் முறியாமல் ஒருவன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவன் பெண்டாட்டி என்ன பாடுபடுவாளோ, அந்தப் பாட்டை ஆர்மிண்டா ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம் முழுக்கப் பட்டாள். பட்டதில் பாதியை எனக்குத் திருப்பியும் கொடுத்தாள். கொட்டகைக் கூரையில் தகரம் மாற்றுவதற்காக ஏறியவன் நான். தகரமும் நானும் சேர்ந்தே இறங்கினோம். டாக்டர் என் வலது கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துத் தூளி கட்டிவிட்டு, ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது என்றார். "நாக்கையும் சேத்துச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் இவள். அந்த ஆள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதத்து மூன்றாம் சனிக்கிழமைதான் அணில் வேட்டைக்குத் தடை நீங்கும் நாள். மேலே முகட்டில் அணில்கள் விரும்பித் தின்னும் ஹிக்கரி மரத்துக் காய்கள் முற்றிவிட்டன என்று இரண்டு நாளாகவே தெரியும். கீழே ஓடைப் பாதையோரத்து மரங்களிலிருந்தே அணில் கொறித்த தோல் தொப்பியில் வந்து விழுந்தது. எங்கள் மலை அணில் ஒன்று நல்ல பூனைக்குட்டி அளவு இருக்கும். நாலு கிடைத்தால் ஒரு வீட்டுக்கு விருந்து. மற்ற வீடுகளில் சிதறு ரவை போட்டுச் சுடுவார்கள், சாப்பிடும்போது பல்லில் ஈயம் கடிபடும். எங்கள் வீட்டில் அந்தக் கதையே கிடையாது. ஆர்மிண்டா ஒற்றைக் குண்டில் தலையில்தான் அடிப்பாள். அந்த அணில்கறி மாவுக்குழம்பையும் சூடான பிஸ்கட் ரொட்டியையும் நினைத்துக்கொண்டுதான் நான் வருஷத்தில் பாதியை ஓட்டுவது.

துப்பாக்கி அவள் அப்பாவுடையது, அதற்கு முன் அவருடைய தாத்தாவுடையது. வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற நீளத் துப்பாக்கி. நின்ற வாக்கில் என் தாடை வரை வரும். நூறு வருஷத்தில் மூன்று முறை குழாயின் உட்புறம் தேய்ந்து, மூன்று முறையும் கொல்லன் உள்ளே இழைத்துப் புதுப்பித்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் குண்டு பெருத்தது, குழாயின் சுவர் மெலிந்தது. "இதுக்கு மேல இழைக்க இரும்பு இல்ல. அளவுக்கு மேல ஒரு சிட்டிகை மருந்து போட்டுறாதீங்க" என்று கடைசியாக இழைத்தவன் சொல்லியே கொடுத்தான்.

கல்யாணமான வருஷத்திலேயே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. சுடுவது அவள், கெட்டிப்பது நான். அவளைவிட நான் நன்றாகச் சுடுவேன் என்று நிரூபிக்க ஒரு மாதம் முயன்று பார்த்தேன். மரங்கள்தான் செத்தன. அதன் பிறகு, ஒழுங்காகக் கெட்டித்துக் கொடுக்கிறவன் இல்லாவிட்டால் சுடுகிறவளால் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டு அந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம் நான் கெட்டித்துக் கொடுத்ததை அவள் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. வாங்குவாள், தோளில் வைப்பாள், சுடுவாள். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை முதல் முறையாக அவள் தனியாகக் கிளம்பினாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாசலில் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானே கெட்டிச்சுக்கிறேன், மருந்துக் கொம்பக் குடு."

"என் எலும்புதான் ஒடஞ்சிருக்கு. மூளை ஒடையல."

"அத எப்ப எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க?"

நான் கொடுக்கவில்லை. வீம்பு, வேறென்ன! வெடிமருந்து அடைத்த மாட்டுக்கொம்பை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மான்கொம்பு நுனியைக் குடைந்து செய்த அளவுக் கிண்ணத்தை, தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்களில் பிடித்துக்கொண்டேன். கொம்பின் தக்கையைப் பல்லால் கடித்து உருவி, இடது கையால் கொம்பைச் சாய்த்துக் கிண்ணத்தை நிரப்பினேன்.

தக்கையைப் பல்லில் கடித்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அது பல்லில் இருந்தால் மருந்து இன்னும் குழாய்க்குள் போகவில்லை. குழாயில் கொட்டி முடித்த பிறகே தக்கை கொம்புக்குத் திரும்பும். அதனால் துப்பாக்கி கெட்டிக்கிறவன் எவனும் பேச மாட்டான், பேசவும் முடியாது. வாயாடிகளான எங்கள் ஊர் ஆண்கள் வாயை மூடியிருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று பெண்கள் சொல்வார்கள்.

என் வாய் அடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் இவள் ஆரம்பித்தாள்.

"நீ இல்லாம போறதுல ஒரு நிம்மதி இருக்குய்யா. போன வருசம் நீ தும்முன தும்முல மூணு அணிலு பக்கத்து ஜில்லாவுக்கே ஓடிருச்சு."

தும்மியது நான் இல்லை, அவளுடைய தம்பி. இதை நூறு தடவை சொல்லியாயிற்று. தக்கையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நூற்றோராவது தடவை சொன்னேன்.

"தும்முனது உன் தம்பி! அவன் மூக்கு ஊருக்கே தெரியும். அவன ஒரு வார்த்த சொன்னா உனக்குப் பொத்துக்கிட்டு வருது, நான்னா இளக்காரம்."

"என் தம்பி கூரையில இருந்து விழல."

"விழுந்தா கூரை தாங்குமா!"

இப்படி ஒரு பத்து வார்த்தை. நான் தோளைக் குலுக்கி, உடம்பைத் திருப்பி, வலியில் கத்தி, மறுபடியும் திரும்பினேன். பிறகு கிண்ணத்தை எடுத்துக் குழாய் வாயில் கவிழ்த்தேன், தக்கையைக் கொம்பில் சொருகினேன். அவள் கொழுப்புத் தடவிய துணித்துண்டை வாயில் வைத்து, அதன்மேல் குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ளி இறக்கினாள். ஒற்றைக் கையால் எனக்கு அது முடியாது. கொம்பையும், மருந்துக்குப் பொறி கொடுக்கிற செம்புக் கேப்புகள் இருந்த டப்பாவையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"இருட்டுற வரைக்கும் வராத. வீடு ஒரு நாளாவது அமைதியா இருக்கட்டும்" என்று அவள் முதுகுக்குச் சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

வீடு நான் கேட்டபடியே அமைதியாகிவிட்டது. ஒரு கூடை அவரையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, பைப்பைப் பற்றவைத்து வாயில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் காய்களை உரிக்க ஆரம்பித்தேன். சண்டையை மனதுக்குள் இன்னொரு முறை போட்டு, இந்த முறை நான் ஜெயித்தேன். தும்மலைப் பற்றி இன்னும் நல்ல பதில் ஒன்று தோன்றியது. அதை எந்த இடத்தில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்து, தக்கையை வாயிலிருந்து எடுத்த இடத்துக்கு வந்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

சண்டை முடிந்ததும் நான் ஏன் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்? தக்கை கையில் இருந்தது, அதனால் மருந்து இன்னும் போகவில்லை என்று நினைத்துக் கவிழ்த்தேன். ஆனால் தக்கை பல்லிலும் இல்லாமல் கொம்பிலும் இல்லாமல் கையில் இருந்தது நான் பேசியதால் அல்லவா? அதற்கு முன்பே மருந்தைக் கொட்டியிருந்தால்? சண்டைக்கு நடுவில் மருந்து சரசரவென்று இறங்கிய சத்தம் என் காதில் இன்னும் இருந்தது. அந்தச் சத்தம் பொய் இல்லை. ஆக, முதலில் ஒரு தடவை கொட்டியிருக்கிறேன். பேச்சுவாக்கில் கை தன் பாட்டுக்கு மறுபடி நிரப்பியிருக்கும். முப்பத்தோரு வருஷப் பழக்கத்துக்கு என் உத்தரவு எதற்கு? இரண்டாவது முறை கவிழ்த்தது எனக்கே நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு அளவு. மூன்று முறை இழைத்த குழாயில் இரண்டு அளவு மருந்து.

மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைத் தள்ளுகோலே சொல்லிவிடும். சரியான அளவு கெட்டித்தால் கோல் எதுவரை வெளியே நிற்குமோ, அந்த இடத்தில் ஒரு கீறல் இருக்கும். கீறல் உயரத் தெரிந்தால் மருந்து அதிகம். ஆனால் எங்கள் பழைய கோல் ஜூனில் முறிந்துவிட்டது. புதுசு ஒன்று செதுக்கினேன். கீறல் போட வேண்டும், நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இரண்டு மாதம் தள்ளினேன். அந்தக் கோலைப் பிடித்துத்தான் அவள் குண்டை இறக்கினாள். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் ஈசாக் நேப்பியரை நினைத்தேன். அவனும் இப்படித்தான், பேசிக்கொண்டே இரண்டு முறை கொட்டியவன். குழாய் அவன் கன்னத்துப் பக்கமே பிளந்தது. வலது கண்ணும் இரண்டு விரலும் போயின. கோயிலில் பாட்டுக்கு நிற்கும்போது அவன் புத்தகத்தை முகத்தை முழுக்கத் திருப்பித்தான் பார்ப்பான். ஆர்மிண்டா துப்பாக்கியில் கன்னத்தை நன்றாக ஒட்டவைத்துக் குறி பார்க்கிறவள். கண்ணும் குழாயும் அவ்வளவு நெருக்கம்.

பைப்பை மேஜையில் போட்டேன். அவரைக் கூடை கவிழ்ந்து காய் எல்லாம் தரையில் ஓடியது. ஓடினேன்.

நல்ல காலுள்ளவன் முகட்டுக்கு ஏற அரை மணி ஆகும். நெஞ்சில் கை கட்டிய ஐம்பத்தெட்டு வயதுக்காரன் எவ்வளவு நேரத்தில் ஏறினான் என்று எனக்குத் தெரியாது. ஓடையைத் தாண்டும் கல்லில் வழுக்கி முழங்கால்வரை நனைந்தேன். ஒவ்வொரு அடிக்கும் எலும்பு உள்ளே உரசியது. காதை மட்டும் மேலே வைத்துக்கொண்டு ஏறினேன். ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எல்லாம் முடிந்தது. கேட்காத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவரோடு நான் அவ்வளவு பேசுகிறவன் இல்லை.

பாதி வழியில் நின்று கத்தினேன்.

"ஏ இவளே! சுடாத! ஏய்!"

பதில் இல்லை. என் குரல் அவளுக்கு எட்டியிருக்காது. எட்டியிருந்தாலும், தலைக்குமேல் அணில் கொறித்துக்கொண்டிருந்தால் அவள் பாதிரியார் கூப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டாள். இன்னும் ஏறினேன். இன்னும் கத்தினேன். என் மேல் கோபமாக இருக்கிறாள், வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று தோன்றியபோது எனக்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் கொஞ்சம் வேகமாக ஏற முடிந்தது.

அப்போது மேலே, இடது பக்கமிருந்து, சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. 'டப்.'

கேப் மட்டும் வெடித்த சத்தம். துப்பாக்கிக் குதிரை விழுந்து, கேப் வெடித்து, உள்ளே மருந்து பிடிக்கவில்லை. சில நேரம் உடனே பிடிக்காது. நெருப்பு உள்ளே புகைந்து, நாலைந்து நொடி கழித்து வெடிக்கும். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வரை வந்தேன். ஒன்றும் இல்லை. மூச்சு விட்டேன்.

'டப்.' இரண்டாவது கேப் போட்டுவிட்டாள்!

இந்தத் தடவை நான் எண்ணவில்லை. நெஞ்சில் இருந்த காற்று மொத்தத்தையும் சேர்த்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"ஆர்மிண்டா! ஆர்மிண்டா!"

எதிர் மலையும் அதையே திருப்பிச் சொன்னது. மேலே புதர் உடையும் சத்தம் கேட்டது. துப்பாக்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பாவாடையை மறு கையில் தூக்கிக்கொண்டு, முள்ளையும் கல்லையும் பார்க்காமல் அவள் ஓடிவந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"யாரு செத்தா? சொல்லு, யாரு செத்தா?"

"துப்பாக்கியக் கீழ வையி!"

"என் தம்பியா? சொல்லித் தொலைய்யா!"

"யாரும் சாகல. அதக் கீழ வையி மொதல்ல. வாய அந்தப் பக்கம் திருப்பி வையி!"

வைத்தாள். வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்கினாள். "யாரும் சாகலன்னா எதுக்குய்யா பேரச் சொல்லிக் கூப்பிட்ட? எங்கப்பா செத்தன்னைக்குக் கூப்பிட்டது. அதுக்கப்பறம் உன் வாயில இருந்து என் பேரு வந்ததே இல்ல."

அது உண்மைதானா என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. ரெண்டு அளவு கொட்டியிருக்கிறேன் என்றேன். தக்கையைச் சொன்னேன், சத்தத்தைச் சொன்னேன், கீறல் போடாத கோலைச் சொன்னேன். ஈசாக் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மூணு கேப் போட்டேன்" என்றாள் மெதுவாக. என் காதில் விழுந்தது இரண்டுதான்; ஒன்று நான் கத்திக்கொண்டு ஏறியபோது போயிருக்கும். "ஈரமா இருக்கும்னு நெனச்சேன். நாலாவதையும் போட்டுப் பாக்கலாம்னு எடுத்து வச்சிருந்தேன்." உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். செம்பு கேப் ஒன்று வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிப் புதருக்குள் எறிந்தேன்.

கேப் மூன்று வெடித்தும் மருந்து பிடிக்கவில்லை என்பதால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. கேப் மாட்டுகிற சின்னக் குழல் அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்தத் துப்பாக்கியை இருவரும் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கோல உள்ள விட்டுப் பாக்கலாம்" என்றாள். "கீறல் இல்லன்னா என்ன? உள்ள எதுவரைக்கும் போகுதுன்னு வெளியில வச்சு அளந்தாப் போச்சு."

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் கோலைக் குழாய்க்குள் இறக்கினாள். குண்டில் தட்டி நின்றது. வாயோரத்தில் விரலால் பிடித்துக்கொண்டு உருவி, குழாயின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தாள். கோலின் நுனி கேப் குழலின் பக்கத்திலேயே வந்து நின்றது. அடியோடு அடி. குண்டுக்கும் குழாயின் தரைக்கும் இடையில் ஒரு விரல்கூட இல்லை.

நான் இரண்டாவது முறை அளக்கச் சொன்னேன். அளந்தாள். மூன்றாவது முறை நானே அளந்தேன்.

"ரெண்டு அளவு எங்கய்யா இருக்கு?" என்றாள். "ஒண்ணுகூட இல்ல. வெறும் குண்டு! மருந்தே போடாம என்ன குண்ட எறக்க வச்சிருக்க!"

வெறும் குண்டு என்பது எங்கள் ஊரில் சின்ன அவமானம் இல்லை. மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கியவனை ஒரு வருஷம் வைத்து ஓட்டுவார்கள். ஓட்டுகிறவர்களில் முதல் ஆள் நான். அப்படி ஒரு முறை மறந்துவிட்ட அவள் தம்பியை, என் மச்சானை, ஏழு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நான், ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. எலும்பு வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண், மூக்கு, வாய், எல்லாம் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. இதற்குமேல் எனக்கு இந்த உலகத்தில் என்ன வேண்டும்!

"எந்திரிய்யா. பைத்தியம் புடிச்சிருச்சா?"

"புடிக்கட்டும்."

"மருந்த அப்ப எங்கதான் கொட்டுன? சத்தம் கேட்டுச்சுன்னியே?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. கேட்டது உண்மை. அவள் என்னைத் தூக்கிவிட்டு, ஓடிவந்ததில் தளர்ந்துபோயிருந்த தூளியின் முடிச்சைச் சரிசெய்யப் போனாள். முழங்கைப் பக்கம் துணியை இழுத்தவள் நின்றுவிட்டாள். உள்ளே கைவிட்டு எடுத்தாள். விரல்களுக்கிடையில் கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக, மினுமினுப்பாக. ஒரு முழு அளவு மருந்து. தும்மலுக்காக நான் தோளைக் குலுக்கிச் சண்டை போட்டபோது விரலில் இருந்த கிண்ணம் சாய்ந்து, தூளிக்குள் சரசரவென்று இறங்கியிருக்கிறது. வெறும் கிண்ணத்தைத்தான் பிறகு குழாயில் கவிழ்த்திருக்கிறேன்.

மறுபடி சிரிக்க வாய் எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கெளம்புனதுக்கு அப்பறம் என்ன பண்ணுன?"

"அவரைக்கா உரிச்சேன்."

"பைப் புடிச்சியா?"

தூளியைக் குனிந்து பார்த்தேன். தீக்குச்சியை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக் கிழித்ததும், பைப்பை வாயில் வைத்துக்கொண்டு காயைப் பார்க்கக் குனிந்ததும், சாம்பல் மடியில் விழுந்ததைத் தட்டிவிட்டதும் ஒவ்வொன்றாக எனக்குள் வந்தன.

ஐம்பது கஜத்தில் அணிலின் கண்ணை அடிக்கிற கை ஆர்மிண்டாவுடையது. இப்போது மருந்து அந்தக் கையிலிருந்து சிந்த ஆரம்பித்தது. அவள் ஒரு வேரின் மேல் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து, தாடையையும் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீக்காயம் இருக்கிறதா என்று தேடுகிறாள் போல.

"ஒண்ணும் ஆகல" என்றேன்.

"வாய மூடு" என்றாள். அவள் குரல் உடைந்தது. பிறகு அவள் திட்ட ஆரம்பித்தாள். கூரையில் ஏறியதிலிருந்து தொடங்கி, எங்கள் கல்யாணத்துக்கு நான் நேரத்துக்கு வராதது வரைக்கும் பின்னோக்கிப் போய்த் திட்டினாள். என் அம்மாவையும் விடவில்லை. ஒரு வார்த்தைக்கும் நான் பதில் சொல்லவில்லை. முழுக்கவும் கேட்டேன். அவ்வளவு நல்ல திட்டை நான் அதற்கு முன் வாங்கியதே இல்லை, நிம்மதியாக இருந்தது.

திட்டி முடித்ததும் மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். சிக்கிய குண்டை வெளியே எடுக்க ஒரு வழிதான் உண்டு. கேப் குழலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே துளித்துளியாக மருந்தை உள்ளே தள்ளி, குழலை மாட்டிச் சுட வேண்டும். கொம்பைத் திறக்கப் போனவள் நிறுத்தினாள். தூளியில் மிச்சம் இருந்ததை எடுத்து, தலையில் இருந்த கொண்டையூசியால் மணி மணியாக உள்ளே தள்ளினாள். ஒரு சிட்டிகைதான் போயிற்று. மீதியை ஓடைப் பக்கம் எறிந்துவிட்டு, என் தூளியை உதறி, பிறகு இன்னொரு முறை உதறினாள். தள்ளுகோலால் குண்டை அடியில் அழுத்தி இறுக்கி, குழலை மாட்டி, புதுக் கேப் ஒன்று வைத்தாள். துப்பாக்கியை ஒரு மரக்கவையில் சாய்த்துவைத்து, என்னை இன்னொரு மரத்துக்குப் பின்னால் நிற்கவைத்து, அவளும் ஒளிந்துகொண்டு கையை மட்டும் நீட்டி விசையை இழுத்தாள்.

'புஸ்.' குண்டு வாயிலிருந்து வெளியே வந்து, மூன்றடி தள்ளி இலையில் விழுந்தது.

தலைக்கு மேலே, ஹிக்கரிக் கிளையில், இவ்வளவையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொழுத்த சாம்பல் அணில் வாலை அடித்து அடித்து எங்களைத் திட்டியது. ஆர்மிண்டா நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"இன்னைக்கு வேணாம்" என்றாள். "வா, வீட்டுக்குப் போவோம்."

அன்று மதியம் சோளரொட்டியும் தரையிலிருந்து பொறுக்கிய அவரைக்காயும்தான். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போனோம். கடை வாசல் பெஞ்சில் வழக்கமான கூட்டம் உட்கார்ந்திருந்தது. யார் எத்தனை அணில் அடித்தார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆர்மிண்டா உள்ளே போனதும், யாரும் கேட்காமலே நானே எழுந்து நின்று சொன்னேன்: போன வாரம் நான் வெறும் குண்டு போட்டேன்.

பெஞ்சு சிரிப்பில் அதிர்ந்தது.

"டெல்மரு, இனிமே அணிலக் கூப்பிட்டு வச்சுக் குண்டக் கையிலயே குடுத்துரு. தலையில தட்டிக்கிட்டு அதுவாச் சாகட்டும்!" என்று ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"ஏழு வருசமாய்யா என்ன ஓட்டுன? ஏழு வருசம்!" என் மச்சான் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துச் சிரித்தான். சிரித்ததில் தும்மல் வந்து, மூன்று முறை தும்மினான்.

நானும் சிரித்தேன். அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஈசாக் நேப்பியர் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை முழுக்கத் திருப்பி, ஒற்றைக் கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆம்பள இப்படியா மானத்த விட்டுட்டுச் சிரிப்பான்? என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றான் மச்சான்.

உள்ளே ஆர்மிண்டா கடைக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தாள். "நான் கேட்டது கறுப்பு நூலு. இது கருநீலம். வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும்!"

"ஒண்ணும் ஆகல" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, நான் உள்ளே போனேன்.